வந்து சேராத கால்

வழக்கு முதல் மரியாதைக்கு.
பரிவட்டம் மேல்வீட்டுக்கா கீழ்வீட்டுக்கா என்று
பதினோரு வருஷமாகத் திண்டுக்கல் கோர்ட்டில்.
எது மூத்த கொடி, எழுத்தில் கொண்டு வா என்று
தலைக்கட்டுக்கு ஐநூறு போட்டு
பங்காளிகள் என்னை அனுப்பினார்கள்.
படித்தவனாம்.
ஐடிஐ, வயர்மேன்.

எங்கள் கதை மலைக்கே தெரியும்:
படையெடுப்புக் காலம், அமாவாசை இருட்டு,
குதிரையில் ஏறி வந்தார் ஒரு தளகர்த்தர்.
அவர் வாள் இன்றும் கோயில் பெட்டியில் இருக்கிறது,
ஏழு சுற்றுப் பட்டுக்குள்.
பிரித்தால் கண் அவியும்.
அவர் மகன் வழியாண்டி,
சேனைக்கு வழி காட்டியதால் அந்தப் பேர்.
வழியாண்டி மகன் கொம்பையன்,
கொம்பையன் மகன் சடையன்,
அதற்கப்புறம் ரேஷன் கார்டு பேசும்.

ரெக்கார்டு ரூமில் செட்டில்மெண்ட் புத்தகத்தை
பூச்சி எனக்கு முன்பே வாசித்து முடித்திருந்தது.
எங்கள் பூண்டுக்காடு மட்டும் தப்பியிருந்தது:
ஒரு ஏக்கர் பன்னிரண்டு செண்ட்,
அனுபவம் சிலம்பாயி.
புருஷன் பேர் எழுதும் கட்டத்தில்
ஸ்கேல் வைத்துப் போட்ட ஒரு கோடு.

யார் சிலம்பாயி?
மேல்வீட்டில் கேட்டேன், கீழ்வீட்டுக்காரியாக இருக்கும்.
கீழ்வீட்டில் கேட்டேன்,
மேல போய்க் கேளு.

அதோடு விட்டிருப்பேன்.
கொடைக்கானலில் ஒரு பழைய பங்களாவை ஓட்டலாக்கினார்கள்,
வயர் இழுக்கப் பரணில் ஏறினேன்.
எலிப்புழுக்கைக்கு அடியில்
டோலி மேஸ்திரி ஒருவரின் கணக்கு நோட்டு.
அடிவாரத் தோப்பிலிருந்து செண்பகனூர் வரை
யார் எதைச் சுமந்தார்கள், என்ன கூலி.
துரைசாணி ஒருத்தி, ஆள் பன்னிரண்டு.
ஜன்னல் கண்ணாடி, உடைந்தது இரண்டு.
பேரிக்காய் நாற்று. கோயில் மணி, நாக்கு தனியாக.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
வேலையை மறந்து புரட்டினேன்.

பார்த்திப வருஷம், ஐப்பசி ஒன்பது:
"பியானோப் பெட்டி ஒன்று, ஆள் இருபத்தினாலு.
கழற்றிய கால் மூன்று.
ஒண்டிவீரன், கால் ஒன்று, அணா நாலு.
பெரியணன், கால் ஒன்று, அணா நாலு.
சிலம்பாயி, கால் ஒன்று.
கனத்த மழை. ஏழாம் கல்லில் பிரசவம். ஆண்.
கால் வந்து சேரவில்லை.
கூலி பிடித்தம்."

வழியாண்டி.
வாய்விட்டுச் சொன்னேன் போல,
டார்ச் விழுந்து உருண்டது.
இனி பூர்வீகம் எதென்று எவன் கேட்டாலும்
மலைப்பாதையில் ஒரு மைல்கல்லைக் காட்டவேண்டும்,
அதையும் யாராவது பெயர்த்து
அம்மியாக்கியிருப்பார்கள்.

அந்த வருஷக் குளிர் முழுக்க
துரை வீட்டில் செங்கல் முட்டுக்கொடுத்து வாசித்திருப்பார்கள்.
அவள் ஒரு கையில் பிள்ளை,
ஒரு கையில் கடைந்த தேக்கு.
கூலி போனது தெரிந்திருக்கும், திரும்பி இறங்கவும் முடியாது.
குளிருக்கு எரித்திருப்பாள் என்று
நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஜெராக்ஸை வக்கீலிடம் கொடுக்கவில்லை.
எந்தக் கொடிக்கு இது சாட்சி?

மாசித் திருவிழாவில் கோர்ட் உத்தரவு:
வாளைச் சீட்டுப் போட்டுத் தூக்குங்கள்.
சீட்டு எனக்கு விழுந்தது.
வெற்றுடம்பு, ஈரவேட்டி, மடியில் அந்த ஜெராக்ஸ்.
பூசாரி பட்டு மூட்டையைக் கையில் வைத்தார்.
இரும்பென்றால் குளிர வேண்டும்.
குளிரவில்லை.
ஒரு முனை தொடைபோல் தடித்து,
நடுவே விரலுக்கு அகப்படும் வளையங்கள்,
மறுமுனை கணுக்கால்போல் ஒடுங்கி
அதற்கும் கீழே
கட்டைவிரல் பட்ட இடத்தில்
சின்னதாக ஒரு சக்கரம்
உருண்டது.

கொம்பு ஊதினார்கள். மேல்வீடும் கீழ்வீடும் குலவையிட்டது.
தூக்குடா, தூக்கிக் காட்டு என்று
என் மச்சானே கத்தினான்.
மூடுபனி வாசல்வரை வந்து நின்றது.

தூக்கினேன்.